யார் பங்குக் கரை?

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தது. அதன் 108-ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள கடமைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. சட்ட மாணவர்களுக்கான ஒரு தமிழ்க் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தபோது அந்தப் பிரிவை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. வீட்டை எந்த நிலையில் வாங்கினோமோ அந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் புழக்கத்தால் வரும் தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் நேரும் சேதமும் குடியிருப்பவர் தலையில் விழாது. தீயோ புயலோ வெள்ளமோ வந்து வீடு நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், அவர் விரும்பினால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குச் சேதம் இல்லையென்றாலும், அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி மாத வாடகைக்காரர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளம் வடிந்த பின் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டில் கணுக்கால் புதைய சேற்றில் நின்றபோது இந்தப் பிரிவு என் நினைவில் இருந்தது. சட்டம் எனக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. நாங்கள் போகவில்லை. என்னுடையதல்லாத ஒன்றை நான் ஏன் கழுவ வேண்டும் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. சைவக் குடும்பத்தில் பிறந்து, மாதம் ஒரு ஞாயிறு செங்கல்பட்டுப் பக்கத்துக் கோயில்களுக்கு, புல் செதுக்கித் துப்புரவு செய்யும் உழவாரப்பணிக்குப் போய் வருகிறவன் நான். அதனால் இது எனக்கு வாடகைக் கணக்கில் தீர்கிற கேள்வி அல்ல.

அந்த மார்கழியில் எந்தச் சொற்பொழிவுக்குப் போனாலும் வெள்ளம் ஒரு உவமையாக வந்துவிடும். எதுவும் நம்முடையதல்ல என்று வெள்ளம் காட்டிவிட்டது, டி.வி.யும் ஃப்ரிட்ஜும் மிதந்து போனபோது பற்றும் மிதந்து போயிருக்க வேண்டும் என்பார்கள். கேட்பவர்கள் தலையசைப்பார்கள். எனக்கு அப்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வெள்ளம் வந்து இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அவன் அதைப் பணமாக எண்ணிக் கொடுக்கிறான். சுவரில் ஆணி அடிக்கும் முன் அனுமதி கேட்கிறான். வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் உயிரை, உடம்பில் ஒண்டியிருக்கும் குடியாகவே பார்க்கிறார். சைவ சித்தாந்தமும் உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தவை என்கிறது. நான், எனது என்று பற்றிக்கொள்வதுதான் ஆணவத்தின் வேலை. இதெல்லாம் எனக்கு உடன்பாடே. சொற்பொழிவு பாதி வழியில் நின்றுவிடுவதுதான் என் குறை. என்னுடையதல்ல என்று தெரிந்த பிறகு கைகள் என்ன செய்ய வேண்டும்? விட்டுவிடுவது ஒன்றுதான் வழி என்றால், அந்தச் சேற்றை அள்ளுவது யார்?

நடந்தது இதுதான். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முந்தைய நாளே அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் வெளியேறியது. ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளமும் சேர, அடையாறு இரவோடிரவாகக் கரையைத் தாண்டியது. நாங்கள் கீழ்த்தளம். தெருவில் தண்ணீர் ஏறும் வேகத்தைப் பார்த்து, வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்றபடி, "தம்பி, ஒண்ணும் எடுக்க வேணாம், ஆளுங்க மட்டும் ஏறி வாங்க" என்று கத்தினார். ரேஷன் கார்டும் மகளின் சான்றிதழ்களும் இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினோம். மெயினை அணைத்தது என் மனைவி. அன்றிரவு கீழே மரச்சாமான்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மாடி வரை கேட்டது.

தண்ணீர் வடிந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கட்டில் மிதந்து வந்து உள்பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது. தரையெங்கும் கேப்பைக் கூழ் பதத்தில் சேறு. சாக்கடையும் டீசலும் கலந்த வாடை. கேஸ் சிலிண்டர் கூடத்துக்கு வந்திருந்தது. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்து அசைக்க முடியாத கனமாகிவிட, அரிவாள்மனையால் அறுத்துத் துண்டு துண்டாக வெளியேற்றினோம். பிளைவுட் அலமாரி ஊதிப்போய்க் கதவு திறக்கவில்லை, உடைத்தோம்.

சேற்றை அள்ளுவதில் ஒரு முறை இருக்கிறது. ஈரம் இருக்கும்போதே அள்ள வேண்டும், காய்ந்துவிட்டால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். தெருவில் சிலர் மண்வெட்டியை உபயோகித்தார்கள். எங்கள் வீட்டில் மொசைக் தரை, மண்வெட்டி பட்டால் கீறல் விழும். என் மனைவி சமையலறைச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி எவர்சில்வர் தட்டுகளை எடுத்தாள். தட்டின் விளிம்பைத் தரையோடு படுக்கவைத்துத் தள்ளினால் சேறு சுருண்டு தட்டில் ஏறும். அதைப் பக்கெட்டில் கொட்ட வேண்டும். சோறு சாப்பிட்ட தட்டு. ஒருவர் அள்ள, ஒருவர் தூக்க, மகள் வாசலில் கொட்ட, மூலைக்கு மூலை இதேதான். பிறகு சுவர். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய இடமே மறுபடி அழுக்காகும். அதற்குப் பிறகு பிளீச்சிங் பவுடர். ஜன்னல்களை இரவும் பகலும் திறந்தே போட்டு, சுவர் நன்றாக உலரும் வரை வெள்ளையடிக்காமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தவர்கள் வீடுகளில் பொங்கலுக்குள் சுவரில் உப்புப் பூத்துவிட்டது.

பூஜை மாடத்தில் ஒரு மரச் சம்புடத்தில் திருநீறு வைத்திருப்போம். திறந்தபோது உள்ளே இருந்தது சாம்பல் நிறக் குழம்பு. எது நீறு, எது அடையாற்று வண்டல் என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீரில் ஊறிய சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராது. ஆற்றில் விடுவது வழக்கம், அந்த ஆறுதானே வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது? சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, காகிதத்தை அம்மா வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். சம்புடத்தில் இருந்ததையும் அங்கேயே கொட்டினேன்.

எல்லாம் முடிந்து கூடத்தில் நின்று பார்த்தபோது ஒன்று உறைத்தது. எங்களுடையதெல்லாம் தெருவுக்குப் போயிருந்தது: கட்டில், மெத்தை, டி.வி., நான் சேர்த்த புத்தகங்கள், மகளின் ஆர்மோனியம். உள்ளே மிஞ்சிய தரை, சுவர், கதவு, ஜன்னல், மாடம் எல்லாம் வீட்டுக்கார அம்மாவுடையவை. எங்கள் பொருளை நாங்கள் கைவிட்டோம், எங்கள் உழைப்பை அடுத்தவர் பொருளுக்குக் கொடுத்தோம்.

அப்போதுதான் எனக்கு அப்பர் சுவாமிகள் நினைவுக்கு வந்தார். சைவர்கள் அனைவரும் அறிந்த திருப்புகலூர் நிகழ்ச்சி. கோயில் முற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறார் அப்பர். அவர் பற்றின்மையை உலகுக்குக் காட்டவென்று இறைவன் அந்த இடமெல்லாம் பருக்கைக் கற்களோடு பொன்னும் நவமணியும் கலந்து கிடக்கச் செய்கிறார். அப்பர் கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே உழவாரத்தால் வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிடுகிறார். பொன்னும் ஓடும் ஒன்றாகக் கண்ட துறவுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் நான் கவனிப்பது வேறொன்று. அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. பொன் தன்னுடையதல்ல என்பதால் எறிந்தவர், முற்றமும் தன்னுடையதல்ல என்று சொல்லி எழுந்து போய்விடவில்லை. பொன்னை விட்டார், தரையை விடவில்லை. அந்தத் தரையில் நாளை இன்னொருவர் கால் படும். ‘எனதல்ல’ என்ற ஒரே அறிவு அவரைப் பொன்னை எறியவும் முற்றத்தைச் செதுக்கவும் வைக்கிறது. மேடையில் நமக்குக் கிடைப்பது இதில் முதல் பாதி மட்டும்.

இந்த வேலையை அவருக்கு முன்பே செய்து வந்தவர் அவருடைய தமக்கை. அப்பர் சமணத்தில் இருந்த காலமெல்லாம் திலகவதியார் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். தம்பி நோயோடு திரும்பி வந்தபோது அவரை அழைத்துக்கொண்டு போனது அந்தக் கோயிலுக்குத்தான். இந்த வரலாற்றையெல்லாம் நமக்குப் பாடிவைத்த சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அந்தப் பக்கமாக ஓடித்தான் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரில் ஒரு பங்கு சேக்கிழார் ஊரைத் தொட்டு வந்தது. இதற்கு ஒரு தெய்வக் குறிப்பு உண்டென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் அதை நினைத்துக்கொள்வது எனக்குத் தெம்பாக இருந்தது.

கடவுள் ஏன் இந்த வெள்ளத்தை அனுப்பினார் என்று பலர் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், அவரவர் வினை என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. மேட்டில் இருந்தவர்களுக்கு நல்வினை, பள்ளத்தில் இருந்தவர்களுக்குத் தீவினை என்று மழைநீர் வடிகால் வரைபடத்தைப் பார்த்தா இறைவன் பிரித்திருப்பான்? ஏரிகள் இருந்த இடங்களில் வீட்டுமனைகளைப் போட்டதும், ஆறு குறுகியதும் மனிதர் வினைதான். ஆனால் செய்தவர்கள் வேறு, சேற்றில் நின்றவர்கள் வேறு.

திருவிளையாடலில் வைகையில் வெள்ளம் வருகிறது. அதை அனுப்புவதே சிவபெருமான்தான், மாணிக்கவாசகரை மீட்பதற்காக. மதுரை மக்கள் என்ன தவறு செய்தார்கள் என்ற கேள்விக்குப் பரஞ்சோதி முனிவர் பதில் சொல்வதில்லை. பாண்டியன் கரையை அளந்து வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் பங்கு விழுகிறது. அவளுக்கு ஆளில்லை. வெள்ளத்தை அனுப்பியவரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, அவள் பங்குக்கு மண் சுமக்கிறார். இந்தக் கதை ஏன் என்ற கேள்வியை எடுத்து வைத்துவிட்டு, இது யார் பங்கு, அதை யார் சுமப்பது என்று கேட்கிறது. இறைவனுக்கு அது தன் பங்கல்ல. இன்னொருத்தி பெயரில் எழுதப்பட்ட கரையில் அவர் நிற்கிறார்.

எங்கள் வீட்டில் வந்தி யார் என்று பார்த்தால், அது வீட்டுக்காரம்மாதான். வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் என்று நினைப்போம். எழுபது தாண்டிய விதவை, பிள்ளையில்லை. கீழ்வீட்டு வாடகையில்தான் அவருடைய மருந்தும் அரிசியும். நாங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்தச் சேறு அவர் பங்குக்கு வந்திருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து பக்கெட்டுகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மாலை, "தம்பி, இந்த மாச வாடகை குடுக்காத" என்றார். நான் மறுத்தேன். வாடகையைக் கழித்துக்கொண்டால் செய்ததெல்லாம் கூலி வேலையாகிவிடும் என்று என் மனதில் ஓடியது. மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு, "என்னங்க, சாமியே கூலி வாங்கிட்டுத்தான மண்ணு சுமந்தாரு? அந்தம்மா குடுக்குறத வாங்கிக்கங்க. இல்லன்னா அவங்க கடன்காரியா நிப்பாங்க" என்றாள். அவள் சொன்னதில் நான் வாசித்த உரைகள் எதிலும் இல்லாத தெளிவு இருந்தது. வந்தி பிச்சையிடவில்லை, கூலி கொடுத்தாள். வாங்குகிறவர் கூலியை மறுத்தால் கொடுக்கிறவரின் மரியாதை குறையும். டிசம்பர் மாத வாடகை கொடுக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துப்புரவை வழிபாடு என்று புகழ்வது எளிது. அந்தப் புகழ்ச்சிக்கு நம் நாட்டில் ஒரு கெட்ட வரலாறு உண்டு. துப்புரவு வேலையைப் புனிதத் தொண்டாகப் போற்றிப் பேசியதை அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். பிறப்பால் ஒருவர் மேல் சுமத்தியதைப் புண்ணியம் என்று சொல்வது சுமையைக் கெட்டிப்படுத்தும் என்பது அவர் கண்ட உண்மை. அந்த டிசம்பரில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் வெள்ளம் புகுந்த கோயில்களை இஸ்லாமிய இளைஞர்கள் வந்து கழுவினார்கள். அதை வழிபாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அவர்கள் வராமல் இருந்திருக்கலாம், வந்தார்கள். ஆனால் மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுப் பணியாளர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நாங்கள் தெருவில் கொட்டிய மெத்தைத் துண்டுகளையும் அழுகிய அரிசியையும் அள்ளியவர்கள் அவர்கள்தான். எங்கள் வாசலுக்கு வந்த குழுவில் ஒரு பெண்ணுக்குக் கையுறை இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். அந்தப் பெண் கேட்டது கழிப்பறை. காலையிலிருந்து வேறு வீடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார், கதவு திறக்கவில்லை. எங்களுடையது இன்னும் புழங்கும்படி இல்லை. மேலேயிருந்து அம்மா, "இங்க ஏறி வாம்மா" என்றார்.

அந்தப் பெண் செய்ததை உழவாரப்பணி என்று சொல்ல என் நாக்கு எழாது. நான் ஞாயிற்றுக்கிழமை மாலை உழவாரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வருகிறேன். 108-ஆம் பிரிவு எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. போக முடிந்தவன் போகாமல் நின்று செய்வதுதான் பணி. போக வழியில்லாதவரிடம் அதே வேலையை வாங்கிக்கொண்டு, அதற்குத் தெய்வத்தின் பெயரையும் சூட்டுவது அநியாயம். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது கையுறை, பூட்ஸ், முழுக்கூலி, கழிப்பறை, வேறு வேலைக்குப் போக ஒரு வழி. அப்பர் கையில் உழவாரம் புனிதமானது, அவர் அதைத் தானாக எடுத்ததால்.

கடைசியாக மிஞ்சியது தரைக்கடியில் இருந்த தண்ணீர்த்தொட்டி. சாக்கடை உள்ளே புகுந்திருந்தது. தெருவில் தொட்டி கழுவ ஒருவர் கூலி பேசிக்கொண்டு வந்தார், சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரர். பக்கத்து வீட்டில் அவரை அப்படியே உள்ளே இறக்கப் பார்த்தார்கள். மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்றிருக்காது, ஆள் செத்துவிடும் என்று நான் தடுத்து, எங்கள் தொட்டியில் நானே இறங்குகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சார், நீங்க எறங்கிட்டா எனக்கு இன்னிக்கு என்னா?" என்றார். கேட்டது நியாயம். டீசல் பம்ப்செட் வாடகைக்கு எடுத்துத் தொட்டியை வற்றவைத்து, மூடியைத் திறந்தே போட்டு, மறுநாள் இருவருமாக மாறி மாறி இறங்கினோம், இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் பிடித்துக்கொண்டு. மூலைகளைத் தேங்காய் நாரால் எப்படித் தேய்ப்பது என்று அவர்தான் காட்டினார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தோம்.

டீ குடிக்கும்போது அவர் வீட்டுக்குச் சேதம் எவ்வளவு என்று கேட்டேன். சேறு அள்ள வேண்டிய வேலையே இல்லை என்றார், குடிசை இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கரையோரக் குடும்பங்கள் பலவற்றைப் பின்னர் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள், அவரும் அங்கே போனார். வந்தியின் கதையில் அந்தக் கூலியாள் மேல் பாண்டியன் ஓங்கிய பிரம்படி எல்லார் முதுகிலும் பட்டது, அரசன் முதுகிலும். நான் அதை நம்ப விரும்புகிறேன். ஆனால் 2015-இல் அடி கரையோரத்திலும் கீழ்த்தளத்திலும்தான் விழுந்தது. வந்திக்காவது கரையில் ஒரு பங்கு அவள் பெயரில் எழுதியிருந்தார்கள். தொட்டி கழுவியவர் பெயரில் ஒரு முழக் கரைகூட எங்கும் எழுதப்படவில்லை. அவர் பங்கை யார் சுமக்கப் போகிறார்கள் என்ற கேள்வியோடுதான் நான் இப்போது உழவாரப்பணிக்குப் போகிறேன். எங்கள் குழுவில் இதைப் பேசினேன். கோயிலுக்கு ஒரு ஞாயிறு என்றால் மழைக்குமுன் ஒரு ஞாயிறு பெரும்பாக்கத்தில் வடிகால் தூர்வார வேண்டும் என்றேன். சிலர் அது உழவாரத்தில் சேராது என்றார்கள். சிலர் வந்தார்கள்.